மின்னலின் வலது கை

"ஓடிப்போயிட்டா" என்று இன்னொரு தடவை சொன்னால் உன் தையல் மெஷின் ஊசியை உடைத்துவிடுவேன் என்று எதிர்வீட்டுத் தையல்காரியிடம் நேராகவே சொல்லிவிட்டேன். அவள் சும்மா இருக்கிற ஆளா?

"நான் என்ன புதுசாவா சொல்றேன் பெரியம்மா? தெருவே சொல்லுது. உங்க மருமக நாடக மாஸ்டரோட போயிட்டான்னு."

"மாஸ்டர் பஸ் ஸ்டாண்டு மாடியில ஜலதோஷம் பிடிச்சுக் கவுந்து படுத்திருக்கான். நேத்துதான் நான் மாத்திரை வாங்கிக் கொடுத்துட்டு வந்தேன். அவனோட ஓடணும்னா மொதல்ல அவனத் தோள்ல தூக்கிக்கிட்டுத்தான் ஓடணும்."

"சரி, மாஸ்டர் இல்லைன்னா என்ன? புருஷன் இருக்கான், பொண்ணு பள்ளிக்கூடம் போறா. ஒத்தக் கையோட ஒரு பொம்பள பைய மாட்டிக்கிட்டுத் தனியாக் கிளம்பிப் போறான்னா, பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"நடக்கிறதுக்குக் கை எதுக்குடி? கால் இருக்குல்ல?"

அவள் துணிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டாள். ஆனால் நான் எழுந்து வந்த பிறகு மறுபடி ஆரம்பிப்பாள் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு ஜன்னலுக்கும் போய் நான் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அதனால் முழுசாக ஒரே தடவையில் சொல்லிவிடுகிறேன். எழுதத் தெரிந்தவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

என் மருமகள் பெரிய லாண்டரியில் வேலை பார்த்தாள். நம் வீட்டுத் துணியைக் கொடுத்து வாங்குகிற கடை இல்லை. ஆஸ்பத்திரிகள், லாட்ஜுகள் இவற்றின் படுக்கை விரிப்பெல்லாம் லாரி லாரியாக வந்து இறங்கும். ஒரு பக்கம் துவைக்கிற மெஷின்கள், ஒரு பக்கம் உலர்த்துகிற மெஷின்கள், நடுவில் ரோலர். ரோலர் என்றால் ஆள் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கிற கொதிக்கிற உருளைகள். முன்பக்கம் இரண்டு பெண்கள் ஈர விரிப்பின் முனைகளைப் பிடித்து உள்ளே கொடுக்க வேண்டும். பின்பக்கம் அது அப்பளம் மாதிரி காய்ந்து, சுருக்கமில்லாமல் வரும். அங்கே இரண்டு பேர் மடிப்பார்கள்.

அந்த ஹாலின் சத்தத்தை எப்படிச் சொல்வது? ஒரு தகர டின்னுக்குள் தலையை விட்டுக்கொண்டு, வெளியே நாலு பேரைக் கரண்டியால் தட்டச் சொல்லிப் பாருங்கள். அது பாதிதான். அங்கே வாயைத் திறந்து பேசிப் பிரயோஜனமில்லை. பக்கத்தில் நிற்பவள் காதுக்குள் கத்தினாலும் காற்றுத்தான் படும். அதனால் அந்தப் பெண்கள் கையால் பேசினார்கள். யாரும் சொல்லிக்கொடுத்த பாஷை இல்லை. இவர்களுக்கு முன்னால் வேலை பார்த்தவர்கள் கொஞ்சம், இவர்கள் கொஞ்சம் என்று சேர்த்துச் சேர்த்து வளர்த்தது. விரல்களைச் சொட்டுகிற மாதிரி ஆட்டினால் வெளியே மழை. முஷ்டியைத் தாடையில் வைத்தால் டீ. ஒரு விரலால் இந்தப் புருவத்திலிருந்து அந்தப் புருவம் வரை ஒரே கோடாக இழுத்தால் சூப்பர்வைசர் வருகிறார். அந்த மனுஷனுக்கு இரண்டு புருவமும் நடுவில் சேர்ந்து ஒன்றாகிவிட்டிருக்கும். தனக்கு இப்படி ஒரு பெயர் இருக்கிறது என்று அவருக்கு மட்டும் தெரியாது.

இன்னொன்று உண்டு. "நிறுத்து." அதற்கு இரண்டு கையையும் விரித்துத் தலைக்கு மேலே தூக்க வேண்டும். மழை, டீ மாதிரிச் சின்னச் சொல்லையெல்லாம் ஒரு கையால்கூட ஒப்பேற்றிவிடலாம், கதை சொல்வதற்கும் இதற்கும்தான் இரண்டும் வேண்டும். ஒரு கையை யாரும் எதற்கும் தூக்குவார்கள். வேர்வை துடைக்கத் தூக்குவார்கள், தலைத்துண்டை இழுத்துவிடத் தூக்குவார்கள். இரண்டு கையும் விரிப்பை விட்டு மேலே போகிறதென்றால் ஏதோ விபரீதம், ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்து என்று அர்த்தம்.

வீட்டில் என் மருமகள் அதிகம் பேசமாட்டாள். கல்யாணமாகி வந்த புதிதில் தெருவில் அவளுக்கு "அமுக்கினி" என்று பெயர் வைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போய்விட்டாள் என்று நானே எடுத்துக்கொண்டு போனேன். வாட்ச்மேன் ஹால் கதவு வரை விட்டான். கதவைத் திறந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

ரோலர் முன்னால் நின்று அவள் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு விரிப்பை உள்ளே கொடுப்பதற்கும் அடுத்ததை எடுப்பதற்கும் இடையில் அவளுக்கு ஒரு கண் சிமிட்டுகிற நேரம்தான் கிடைக்கும். அந்த நேரத்தில் அவள் கைகள் பறந்தன. ஒரு கிழவி படுக்கிறாள், ஒரு பூனை வருகிறது, கிழவி மூச்சை இழுக்கிறாள், பூனை அவள் மூக்குப் பக்கமாக இழுபட்டுப் போகிறது. ஹால் முழுக்க அத்தனை பெண்களும் வாயை அகலத் திறந்து சிரிக்கிறார்கள். ஒரு சிரிப்புச் சத்தமும் கேட்கவில்லை, மெஷின் இரைச்சல்தான். அப்போது அவள் என்னைப் பார்த்தாள். கையால் ஏதோ சொன்னாள். உடனே எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். அப்புறம்தான் புரிந்தது, அந்தக் கிழவி நான், அது என் குறட்டை.

நான் குறட்டை விடுவதில்லை. அது வேறு விஷயம். ஆனால் அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை. வீட்டில் ஒரு சொல்லுக்கு மறு சொல் பேசாத பெண்ணுக்குள் இத்தனை பேரைச் சிரிக்கவைக்கிற வித்தை எங்கே இருந்தது என்று டப்பாவைக் கொடுக்கவே மறந்து திரும்பி வந்தேன். ஹாலில் அவளுக்கு "மின்னல்" என்று பெயர். பின்பக்கம் மடிக்கிற நெட்டைதான் வைத்தாளாம். நெட்டை என்றால் நிஜமாகவே நெட்டை, எங்கள் வீட்டு நிலைப்படியில் குனிந்துதான் வருவாள்.

இனி கம்பி விஷயம். ரோலருக்கு முன்னால், விரிப்பு உள்ளே போகிற வாயில், குறுக்காக ஒரு கம்பி இருக்கும். விரல் தப்பித் தவறி அதைத் தொட்டால் மெஷின் தானாக நின்றுவிடும். ஆனால் விரிப்பின் தடித்த ஓரம் பட்டாலும் நின்றுவிடும். லாட்ஜுகளிலிருந்து தடித்த விரிப்புகள் வர ஆரம்பித்தபோது மெஷின் நின்று நின்று ஓடியது. வேலை தேங்கியது. ஒரு நாள் காலையில் சூப்பர்வைசர் ஒரு கிழிந்த விரிப்பிலிருந்து நாடா மாதிரி கிழித்துக் கொடுத்து, எல்லா மெஷினிலும் கம்பியை மேலே தூக்கிக் கட்டச் சொன்னார். கட்டினது மெக்கானிக். அன்று சாயங்காலம் என் மருமகள் வீட்டுக்கு வந்ததும் என்னிடம் சொன்னாள். "கம்பியக் கட்டிட்டாங்க அத்தை. தப்புன்னு நான் கையக் காட்டினேன். சூப்பர்வைசர் சார் சிரிச்சுட்டுப் போயிட்டார்."

கொஞ்ச நாள் கழித்து ஒரு விரிப்பின் முனை அவள் வலது கையில் சுற்றிக்கொண்டு உள்ளே இழுத்தது.

அவள் கத்தினாளா என்று கேட்கிறார்கள். கத்தினாள். அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. பக்கத்தில் மறுமுனை பிடிக்கிறவள் அடுத்த விரிப்பை எடுக்கத் திரும்பியிருந்தாள். இடது கையைத் தலைக்கு மேலே தூக்கினாள். எதிரே, பின்பக்கத்தில், நெட்டை அதைப் பார்த்தாள். பொத்தான் நெட்டைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது.

"பெரியம்மா, நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். கண்ண எடுக்கவேயில்ல. இன்னொரு கை வரும், இன்னொரு கை வரும்னு பாத்துக்கிட்டு நின்னேன்" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் என் காலைப் பிடித்துக்கொண்டு அந்த நெடிய பெண் குழந்தை மாதிரி அழுதாள். பாதி வார்த்தையைக் கேட்டு மீதிக்குக் காத்திருந்தவளை நான் என்ன சொல்ல முடியும்?

கட்டை விரல் மட்டும் மிஞ்சியது.

ஆஸ்பத்திரியில் அவளைப் படுக்க வைத்த விரிப்பின் மூலையில் லாண்டரியின் நீல முத்திரை இருந்தது. அதைப் பார்த்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்போதுகூட அவள் அழவில்லை. அழுதது வேறு ஒன்றுக்கு. சூப்பர்வைசர் ஆபீஸில் போய், "கம்பிய அவளேதான் தூக்கிக் கட்டிக்கிட்டா. சீக்கிரம் வேலைய முடிச்சுட்டு வீட்டுக்கு ஓடணும்ல" என்று சொல்லிவிட்டாராம். ஆபீஸும் தலையாட்டிவிட்டது. மெக்கானிக் வாயைத் திறக்கவில்லை. ஹாலில் பார்த்த பெண்களை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்களா என்பதும் சந்தேகம்தான். அவரவர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே.

"கை போனது போகட்டும் அத்தை. நான் கட்டினேன்னு சொல்றாங்களே. தப்புன்னு மொதல்ல காட்டினவ நான். நான் கட்டலைன்னு யாராவது ஒருத்தர் எல்லார் முன்னாடியும் சொல்லணும். அது போதும் எனக்கு." இப்படிச் சொல்லிவிட்டுத்தான் அழுதாள்.

வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. லீவு நாளில் ஹால் பெண்கள் அவளைப் பார்க்க வருவார்கள். எங்கள் முன்னறையில் சுவரோரமாக உட்காருவார்கள். இங்கே இரைச்சல் இல்லை, வாயால் பேசலாம். ஆனால் பழக்கம் விடுமா? கொஞ்ச நேரத்தில் கைகள் கிளம்பிவிடும். என் மருமகள் ஒருத்தி கையிலிருந்து இன்னொருத்தி கைக்குப் பார்ப்பாள். கண்ணில் சிரிப்பு வரும். இடது கை தானாக எழும். பாதி சொல்லும். மீதியைச் சொல்ல வேண்டிய வலது கை கட்டுக்குள் கிடக்கும். இடது கை இறங்கிவிடும். போகப் போக அவள் இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொள்ள ஆரம்பித்தாள். நமக்கெல்லாம் கை போனால் கைதான் போகும். அவளுக்கு நாக்கும் சேர்ந்து போயிருந்தது.

இந்தச் சமயத்தில்தான் மாஸ்டர் வந்தான். சோடாப்புட்டிக் கண்ணாடி, தோளில் ஒரு பை, எப்போதும் மூக்கடைப்பு. பஸ் ஸ்டாண்டு மாடியில் ஒரு கூடத்தை வைத்துக்கொண்டு, மூட்டை தூக்குகிறவர்கள், தெருக் கூட்டுகிறவர்கள் இவர்களையெல்லாம் சேர்த்து நாடகம் போடுவான். அவன் எழுதிக் கொடுப்பதில்லை. "உங்க கதைய நீங்களே சொல்லுங்க, ஊரு கேக்கட்டும்" என்பான். நெட்டை போய்ச் சேர்ந்தாள், இன்னும் சிலரையும் இழுத்தாள். என் மருமகளைக் கூப்பிட்டதற்கு மாட்டேன் என்றாள். நான் விடுவேனா? "நீ நடிக்க வேணாம். எனக்கு வேடிக்கை பாக்கணும், துணைக்கு வா" என்று பிடித்த பிடியில் இழுத்துக்கொண்டு போனேன்.

முதல் நாள் ஒத்திகை ஒரே கூத்து. மாஸ்டர் நெட்டை கையில் மைக்கைக் கொடுத்து, "பேசுங்கம்மா" என்றான். நெட்டை வாயை அகல அகலத் திறந்து, உதட்டைக் கோணி, கண்ணை உருட்டி என்னவெல்லாமோ சொன்னாள். ஒரு சத்தமும் வரவில்லை. மாஸ்டர் மைக்கைத் தட்டிப் பார்த்தான். ஒயரைப் பிடுங்கி மாற்றினான். அடுத்தவளிடம் கொடுத்தான். அவளும் அப்படியே. மாடிப்படி இறங்கி ஓடி, டீக்கடையில் ஃபியூஸ் போயிருக்கிறதா என்று கேட்டுவிட்டு மூச்சிரைக்க வந்தான்.

"மைக் நல்லாத்தான் இருக்கு மாஸ்டர். இவளுங்கதான் குரலே விடல" என்றேன் நான்.

நெட்டைக்கு ரோஷம் வந்துவிட்டது. "விட்டோமே! சத்தமாத்தானே பேசினேன்?"

"உதட்டத்தான் ஆட்டினே."

ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். ஹாலில் குரல் விட்டு என்ன பயன் என்று எப்போதோ நிறுத்தியவர்கள். வேலை நினைப்பு வந்ததும் தொண்டை தானாக மூடிக்கொள்கிறது, அது அவர்களுக்கே தெரியவில்லை. அப்புறம் வந்தது பாருங்கள் சிரிப்பு, அதில் சத்தம் இருந்தது. மாஸ்டரும் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான். "சரி, மைக்கத் தூக்கிப் போடுங்க. ஹால்ல எப்படிப் பேசுவீங்களோ அப்படியே பேசுங்க" என்றான்.

அப்படியே செய்தார்கள். விரிப்பு கொடுக்கிறது, மடிக்கிறது, மழை, டீ, கேலி, கம்பியைக் கட்டுகிறது. என் மருமகள் இடத்தில் வேறொருத்தி நின்றாள். கை மாட்டிக்கொள்கிற இடம் வந்தபோது அவள் முகத்தைச் சுளித்து, உடம்பை முறுக்கி, கீழே விழுந்து புரண்டாள்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் எழுந்துவிட்டாள். "அப்படி இல்ல" என்றாள். தொடைக்கு அடியிலிருந்து இடது கை வெளியே வந்துவிட்டது. நடுவில் போய் நின்று எப்படி நடந்தது என்று சொல்ல ஆரம்பித்தாள். பாதிதான் வந்தது. யாருக்கும் புரியவில்லை. மறுபடி சொன்னாள். மறுபடியும் பாதி. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

நெட்டை மெதுவாக வந்து அவளுக்கு வலப்பக்கத்தில் தோளோடு தோள் ஒட்டி நின்றாள். தன் வலது கையை அவளுக்கு முன்னால் நீட்டினாள். என் மருமகள் அந்தக் கையைப் பார்த்தாள், நெட்டையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு இடது கையை எழுப்பினாள். நெட்டையின் வலது கையும் கூடவே எழுந்தது.

இரண்டு உடம்பு, இரண்டு கை, ஒரே பேச்சு. முதலில் தடுமாறியது. நெட்டையின் கை ஒரு நொடி பின்தங்கியது. கொஞ்ச நேரத்தில் அதுவும் இல்லை. அவள் நினைப்பது இவள் விரலில் எப்படி வந்தது? கண்ணால்கூடப் பார்த்துக்கொள்ளவில்லை, தோள் தோளுக்குச் சொன்னது போலிருக்கிறது. கம்பி கட்டின காலை, தப்பு என்று தான் காட்டினது, அவர் சிரித்துவிட்டுப் போனது, விரிப்பின் முனை சுற்றியது எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். அவள் நிறுத்தியபோது நெட்டை அந்தக் கையைக் கீழே போடவில்லை, அப்படியே அவள் இடுப்பைச் சுற்றி அணைத்துக்கொண்டாள்.

அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மருமகள் வாயாலேயே பேசிக்கொண்டு வந்தாள்.

என் மகன் லாண்டரி வேன் ஓட்டுகிறவன். நல்லவன், ஆனால் பயந்தவன். நாடகத்தைப் பற்றிக் கேட்டதும் முகம் வெளுத்துவிட்டது. "வேன் சாவிய வாங்கிட்டுப் போடான்னுருவாங்கம்மா" என்றான் என்னிடம். அவள் அவன் முன்னால் வந்து நின்றாள்.

"நான் கட்டலைன்னு நீங்க நம்புறீங்களா?"

"நம்பாம என்ன?"

"அத வெளிய சொல்வீங்களா?"

அவன் கையிலிருந்த சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவளும் மேற்கொண்டு கேட்கவில்லை.

நாடகத்துக்கு மாஸ்டர் லாண்டரி மேனேஜரையும் அழைத்திருந்தான். தன் லாண்டரியைப் பாராட்டி ஏதோ பாட்டுப் பாடப்போகிறார்கள் என்று நினைத்து அவரும் இஸ்திரி கலையாமல் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் சூப்பர்வைசர். பின்னால் எல்லா ஷிஃப்ட் பெண்களும், அவர்கள் வீட்டுக்காரர்களும், பிள்ளைகளும். தையல்காரியும் வந்திருந்தாள், இப்போது மறந்துவிட்டாள் போலிருக்கிறது. என் மகன் கம்பெனிச் சட்டையோடு கதவோரம் நின்றான், எப்போது வேண்டுமானாலும் நழுவிவிடுகிற மாதிரி.

மாஸ்டர் ஹாலின் இரைச்சலைப் பதிவு செய்து கொண்டுவந்து பெரிய ஸ்பீக்கரில் போட்டான். சுவர் அதிர்ந்தது. முன்வரிசை காதைப் பொத்தியது. பின்வரிசைப் பெண்கள் பொத்தவில்லை, நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அந்த இரைச்சலுக்குள் நாடகம் ஆரம்பித்தது. சூப்பர்வைசராக நடிக்க ஒருத்திக்கும் தைரியம் வரவில்லை. அதனால் அவர் வருகிற இடத்திலெல்லாம் புருவத்தில் ஒரு கோடு இழுத்தார்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் பின்னால் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். எல்லாரும் சிரிக்கிறார்களே என்று சூப்பர்வைசரும் சிரித்தார்.

மருமகளும் நெட்டையும் தோளோடு தோள் நின்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். புருவக் கோடு. நாடா கிழிபடுகிறது. கம்பி மேலே போகிறது. தப்பு என்று காட்டுகிற கை. சிரித்துவிட்டுத் திரும்புகிற புருவக் கோடு. பிறகு நெட்டை அவளை விட்டு விலகி மேடையின் அந்தக் கோடிக்குப் போனாள். மடிக்கிற இடம் அது. மருமகள் இந்தக் கோடியில் தனியாக நின்றாள். வலது கையை முன்னால் நீட்டினாள், கட்டில்லாமல், உள்ளபடியே. இடது கையைத் தலைக்கு மேலே தூக்கி விரித்தாள்.

நின்றாள். அப்படியே நின்றாள். இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே நெட்டை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள், அன்றைக்குப் போலவே.

ஒத்திகையில் இதோடு விளக்கை அணைத்துவிடுவார்கள். மாஸ்டர் சுவிட்சில் கையை வைத்திருந்தான். ஆனால் பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். மடிப்புப் பக்கத்தில் வேலை செய்கிற வயதானவள். எழுந்து தன் வலது கையைத் தூக்கினாள். வலது கையை மட்டும். அப்புறம் அவள் பக்கத்தில் இருந்தவள். அப்புறம் ஒரு வரிசை. அப்புறம் புருஷன்மார்கள், ஏன் எதற்கு என்று தெரிந்தவர்களும் தெரியாதவர்களும். நான் திரும்பிப் பார்க்கிறேன், கூடம் முழுக்க வலது கைகள், விரல் விரித்து, மேலே. என் மருமகள் சொல்ல முடியாமல் போன பாதி வார்த்தை அங்கே ஒரு காடு மாதிரி எழுந்து நின்றது. யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. மாஸ்டர் விளக்கை அணைக்கவில்லை. ஸ்பீக்கரை அணைத்தான்.

என் கையும் மேலேதான் இருந்தது, எப்போது தூக்கினேன் என்று தெரியாது.

மேனேஜர் எழுந்து பின்னால் பார்த்தார். மேடையைப் பார்த்தார். மெல்லத்தான் கேட்டார். "இந்தப் புருவத்துல கோடு போடறீங்களே, அது யாரு?"

மேடையில் என் மருமகள் கையை இறக்காமல் நின்றாள். அவள் மேனேஜரைப் பார்க்கவில்லை. கதவோரத்தைப் பார்த்தாள்.

"அது சூப்பர்வைசர் சாருங்க."

என் மகன் குரல். தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தடவை சொன்னான். "அவருதான் கட்டச் சொன்னாரு. என் வீட்டுக்காரி கட்டலைங்க. எல்லா மெஷின்லயும் இன்னிக்கும் கட்டித்தான் இருக்கு. போய்ப் பாருங்க."

"ஆமா" என்றாள் ஒருத்தி. "ஆமா சார்." "நான் பாத்தேன்." "என் மெஷின்லயும்தான்." எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது. கையால் பேசித்தான் அதிகம் பார்த்திருந்த அந்தப் பெண்களின் குரல்களை, கீச்சென்றும் கட்டையாகவும் கரகரத்தும், அன்றுதான் நான் ஒன்றாகக் கேட்டேன்.

மேனேஜர் பக்கத்தில் திரும்பினார். சூப்பர்வைசர் தரையைப் பார்த்துக்கொண்டு, "வேலை ஓடணும்ல சார்" என்றார். அவ்வளவுதான். அவர் வாயாலேயே வந்துவிட்டது.

மறுநாள் காலையில் எல்லா மெஷினிலும் நாடாவை அறுத்துக் கம்பியை இறக்கினார்கள். மருமகள் கட்டவில்லை என்று ஆபீஸிலிருந்து ஆட்கள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். சூப்பர்வைசர் வேறு பக்கம் போய்விட்டார். என் மகனிடமிருந்து சாவியை யாரும் வாங்கவில்லை. ஊருக்கு அந்தக் கோடியில் இருக்கிற தடத்துக்கு மாற்றினார்கள், முணுமுணுத்துக்கொண்டே ஓட்டுகிறான். ஹாலில் இப்போது ஒரு கையைத் தூக்கினாலே பொத்தானை அழுத்திவிடுகிறார்களாம். தலைத்துண்டைச் சரிசெய்யத் தூக்கினாலும் மெஷின் நிற்கிறது என்று நெட்டை சொல்லிச் சிரித்தாள்.

அன்று நாடகத்துக்கு வெளியூரிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். மாஸ்டருக்குத் தெரிந்தவள், அவளும் ஒரு லாண்டரியில் ரோலர் முன்னால் நிற்கிறவள். கூட்டம் கலைந்த பிறகு என் மருமகளிடம் வந்தாள். "அக்கா, எங்க ஹால்லயும் கம்பி கட்டித்தான் இருக்கு. எங்ககிட்ட யாரும் கேட்டதில்ல. நீங்க வந்து எங்களோட இருந்து இதே மாதிரி ஒண்ணு பண்ணித் தருவீங்களா?" என்றாள். இவள் வீட்டுக்கு வந்து தூங்கவில்லை என்று மட்டும் தெரியும். அப்புறம் ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, "அத்தை, நான் அங்க போறேன்" என்றாள்.

"மாஸ்டரும் வர்றானா?"

"அவர் எதுக்கு? அவருக்கு எங்க பேச்சு தெரியாது."

"அந்த ஊர்ப் பேச்சு உனக்குத் தெரியுமா? ஒவ்வொரு ஹாலுக்கும் ஒவ்வொரு கைன்னு சொல்வியே."

"கத்துக்கணும்."

"நெட்டை?"

"அவளுக்கு லீவு கிடைக்காது."

"அப்போ அங்க உனக்கு வலது கை யாருடி?"

தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள். "யாராவது தருவாங்க அத்தை."

என் மகன் எப்போது வருவாய் என்று கேட்டான். நாடகம் முடிந்ததும் என்றாள். எப்போது முடியும் என்றான். அவர்கள் பேசி முடித்ததும் என்றாள். அவன் என்னைப் பார்த்தான், நான் கூரையைப் பார்த்தேன்.

போன அன்று காலையில் பேத்திக்குச் சீருடை மாட்டி, ஒரு பக்கச் சடையை அவளே பின்னினாள். இடது கை, வலது கட்டை விரல், மீதிக்குப் பல். இன்னொரு பக்கத்தைப் பின்ன என்னை விடவில்லை, அதையும் பின்னினாள். துணிப் பையை இடது தோளில் மாட்டினாள். என் மகன் பையை வாங்கக் கையை நீட்டினான், பிறகு நீட்டியதை மடக்கிக்கொண்டான்.

"இறங்கினதும் போன் பண்ணு" என்றான்.

"பண்றேன். அத்தை, பால அடுப்புல வச்சிருக்கேன், பாத்துக்குங்க."

கதவைத் திறந்து படியிறங்கினாள். தெரு நடுவில் நேராக நடந்தாள், யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்க்காமல், சந்தையில் காய் வாங்கப் போகிறவள் மாதிரி. நாங்கள் மூன்று பேரும் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். பின்னால் பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துவிட்டது. ஒருத்தரும் உள்ளே போகவில்லை.